உனக்கு என்ன வந்துச்சு?

"எழுதி முடிச்ச பரீட்சையைப் பத்திப் பேசாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். மார்ச் மாதம் வந்தால் நானும் சொல்லிவிடுவேன். பொதுத்தேர்வு நாட்களில் அது நியாயமும்கூட. இன்றைக்கு இயற்பியல் முடிந்தது என்றால் நாலு நாளில் உயிரியல் வந்து நிற்கும். போனதைக் கிளறிக்கொண்டிருந்தால் வருவதும் கெடும். ஆனால் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நீட் எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளையிடம் போய் இதைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. இரண்டு வருஷம் படித்தது, ரிப்பீட்டர் என்றால் மூன்று நாலு வருஷம் படித்தது, மூன்று மணி நேரத்தில் ஓர் ஓ.எம்.ஆர். தாளில் இறங்கி, அந்தத் தாளும் கையை விட்டுப் போய்விட்டது. மிச்சம் இருப்பது கேள்வித்தாள் மட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றால் யார் போவார்கள்?

நான் மதுரைப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். கூட்டிவர ஆள் இல்லாத மாணவிகளுக்காக, சொந்தக்காரப் பிள்ளைகளுக்காக என்று ஏதாவது காரணம் சொல்லி வருஷா வருஷம் ஏதோ ஒரு தேர்வு மையத்தின் வாசலில் நிற்பது வழக்கமாகிவிட்டது. உண்மைக் காரணம், முடிந்த பிறகு நடக்கும் அந்தப் பேச்சைக் கேட்க எனக்குப் பிடிக்கும். வகுப்பில் எத்தனை கெஞ்சினாலும் வாய் திறக்காத பெண், வாசலில் நின்று தன் விடைக்காக நாலு பேரோடு மல்லுக்கு நிற்பதைப் பார்க்கலாம்.

நீட்டுக்கு உள்ளே போவதே ஒரு சடங்கு. மதியம் ஒன்றரை மணிக்கு மேல் கேட்டைச் சாத்திவிடுவார்கள். முழுக்கைச் சட்டை கூடாது, ஷூ கூடாது, வாட்ச் கூடாது, பேனாகூட உள்ளேதான் கொடுப்பார்கள். வெளியே வரும்போது பிள்ளைகள் கையில் கேள்வித்தாளும் காலித் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் அதிகம். போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா கூட்டத்தில் எங்கோ வேப்பமர நிழலில் இருப்பார். கேட்டைத் தாண்டுவதற்கும் போன் கைக்கு வருவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கிறது பாருங்கள், நான் சொல்கிற பேச்சு நடப்பது அப்போதுதான். போன் வந்துவிட்டால் அது வேறு பேச்சாகிவிடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெற்றோர் கேட்பது, "எப்படிப்பா எழுதின?" எல்லா ஊரிலும் பதில் ஒன்றுதான்: "பரவால்ல." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மாக்கள் முகத்தைப் படிக்கப் பார்ப்பார்கள். அதற்குள் பிள்ளையின் கண் கூட்டத்தில் நண்பனைத் தேடிப் போயிருக்கும். அவனைப் பார்த்ததும் வருவதுதான் நிஜமான கேள்வி.

"டேய், 47-க்கு உனக்கு என்ன வந்துச்சு?"

"எனக்கு 47 வேற கேள்விடா. உன் கோட் என்ன?"

காப்பி அடிக்கக் கூடாது என்பதற்காகக் கேள்விகளின் வரிசையை மாற்றி மாற்றிப் பல கோட்களில் அச்சடிக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு லாபம். எண்ணை வைத்துப் பேச முடியாததால் பிள்ளைகள் கேள்வியின் உள்ளடக்கத்தைச் சொல்லியாக வேண்டும். "அந்த லிஃப்ட் கேள்வி", "ரெண்டு ஸ்டேட்மென்ட் கொடுத்துக் குழப்புனான்ல, அது", "கெப்பாசிட்டர்ல டைஎலக்ட்ரிக் சொருகுறது". கேள்வித்தாளைத் தயாரித்தவர் எப்போதும் "அவன்"தான். "அவன் அங்கதான் ட்விஸ்ட் வச்சிருக்கான்." 180 கேள்வியையும் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே ஆள் தங்களைக் கவிழ்ப்பதற்காகவே எழுதியதாக அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பேராசிரியர்கள் குழுவாக எழுதுவார்கள் என்று சொன்னால் சப்பென்று போய்விடும் என்பதால் நான் சொல்வதில்லை.

அந்த கெப்பாசிட்டர் சண்டை ஒரு வருஷம் என் கண்முன்னால் நடந்தது. மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கிற கெப்பாசிட்டரின் தகடுகளுக்கு நடுவே டைஎலக்ட்ரிக் என்ற மின்கடத்தாப் பொருளைச் சொருகினால் அதன் ஆற்றல் என்ன ஆகும்? ஒரு பையன் கூடும் என்கிறான், இன்னொருத்தன் குறையும் என்கிறான். இரண்டு பேருமே வாய்ப்பாட்டைச் சரியாகச் சொல்கிறார்கள். ஒருவன் அரை சி வி ஸ்கொயர் என்கிறான். சொருகினால் சி, அதாவது மின்தேக்குத் திறன், கூடும்; சி கூடினால் ஆற்றல் கூடத்தானே வேண்டும்? மற்றவன் க்யூ ஸ்கொயர் பை டூ சி என்கிறான். சி கீழே இருக்கிறது, ஆகவே குறையும். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள்: "பேட்டரி கனெக்ட் ஆகி இருந்துச்சா, கழட்டிட்டாங்களா?" இரண்டு பேரும் கேள்வித்தாளைப் புரட்டினார்கள். கழற்றிவிட்டதாகத்தான் இருந்தது. பேட்டரி இணைந்திருந்தால் மின்னழுத்தம் (வி) மாறாது, கழற்றினால் மின்னூட்டம் (க்யூ) மாறாது, எது மாறாமல் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எந்த வாய்ப்பாடு என்பதே முடிவாகும். இதைத்தான் நான் வகுப்பில் போர்டில் எழுதி, அடிக்கோடிட்டு, மறுபடி சொல்லி, டெஸ்டும் வைக்கிறேன். தோற்ற பையன் தலையில் அடித்துக்கொண்டு "சில்லி மிஸ்டேக்" என்றான். ஆனால் அந்தக் கேள்வியை இனி அவன் சாகும்வரை மறக்கமாட்டான்.

சில்லி மிஸ்டேக் என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பத்தி கொடுக்க வேண்டும். தெரியாமல் விட்டது, படிக்காமல் விட்டது, அவசரத்தில் 'தவறான கூற்று எது' என்பதைச் 'சரியான கூற்று எது' என்று வாசித்தது, கூட்டலில் போனது, எல்லாமே அதற்குள் அடங்கும். மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி அது. "தெரியும், ஆனா போச்சு." நான் அதைத் திருத்தப் போவதில்லை. அன்றைக்கு ஒரு நாளாவது அவர்களுக்கு அந்த மரியாதை வேண்டும்.

நான் எழுதிய காலத்தில் நீட் இல்லை. 1984-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய நுழைவுத் தேர்வுதான். ப்ளஸ் டூவிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக மொத்தம் 300-க்குக் கட் ஆஃப். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. பிறகு 2006-இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள், 2007 சேர்க்கையிலிருந்து ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டும் என்றானது, 2017-இல் மருத்துவத்துக்கு நீட் வந்து சேர்ந்தது. இந்த வரலாறு எல்லாருக்கும் தெரியும், அதன் அரசியலை இங்கே பேச வரவில்லை.

எங்கள் காலத்தில் பரீட்சை முடிந்து பஸ் ஏறினால் பஸ்ஸிலேயே ஒரு விடை பிறக்கும், இறங்குவதற்குள் அது மாறிப்போகும். தெருவில் எம்.எஸ்சி. படிக்கிற ஓர் அண்ணன் இருந்தால் அவர் வீட்டுத் திண்ணைதான் நீதிமன்றம். அவர் ஒன்று சொல்வார், மறுநாள் டியூஷன் சார் அது தப்பு என்பார், அண்ணனிடம் போய் அதைச் சொன்னால் அவருக்கு ரோஷம் வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார். சரியான விடை எது என்று நாள்கணக்கில் தெரியாமல் இருந்ததால் நாள்கணக்கில் பேசினோம். அது பொற்காலம் என்று சொல்லமாட்டேன். அந்த அண்ணன் இல்லாத தெருக்கள்தான் அதிகம். எங்கள் வகுப்பிலேயே பஸ் வசதியில்லாத ஊரிலிருந்து வந்த பெண், தான் எழுதியது சரியா தப்பா என்று கேட்க ஆளே இல்லாமல் முடிவு வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அப்படி ஓர் ஊர் கிடையாது. யூடியூபைத் திட்டுவதற்கு முன்னால் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, போன் வந்துவிட்ட பிறகு நடப்பது என்ன? வாசலிலேயே கோச்சிங் சென்டர்காரர்கள் நிற்பார்கள். நோட்டீஸ் கொடுப்பது ஒருவர், கேள்வித்தாளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுப்பது இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் லைவ் தொடங்கிவிடும். ஆசிரியர் ஒவ்வொரு கேள்வியாகப் போட்டுத் தள்ளுவார், இருட்டுவதற்குள் எல்லாக் கோட்களுக்கும் கீ, அதாவது விடைப் பட்டியல், வந்துவிடும். அதுவரை "ஏன் குறையும்?" என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்புறம் "எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். பென்சிலை எடுத்து டிக், டிக், இன்ட்டு. நாலைக் கூட்டு, ஒன்றைக் கழி. வாதம் முடிந்து கணக்கு தொடங்கிவிட்டது.

அந்தக் கணக்கும் உறுதியானதல்ல. ஓ.எம்.ஆர். தாள் கையில் இல்லையே. கேள்வித்தாளில் குறித்து வைத்ததும், விடைத்தாளில் கறுப்பு பால்பாயிண்ட் பேனாவால் வட்டமிட்டதும் ஒன்றுதான் என்று நம்பிக் கூட்ட வேண்டும். கடைசிப் பத்து நிமிஷத்தில் குறிக்காமலே ஷேட் செய்தவை வேறு இருக்கும். "இதுக்கு 2 போட்டேனா 3 போட்டேனா" என்று ராத்திரி படுக்கையில் கண்ணை மூடி அந்தத் தாளை மனதில் கொண்டுவரப் பார்ப்பார்கள். இதனால் ஒரு பிள்ளைக்கு மூன்று மதிப்பெண்கள் உண்டு. அம்மாவிடம் சொல்வது, நண்பர்களிடம் சொல்வது, தனக்குள் வைத்துக்கொண்டிருப்பது. அம்மாவிடம் சொல்வது குறைவாக இருக்கும்; முடிவு வரும்போது கூடுதலாக வந்தால் சந்தோஷப்படட்டுமே என்று. நண்பர்களிடம் சொல்வது நண்பனைப் பொறுத்தது. என் அக்கா மகள் எழுதிய வருஷம் அவள் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டு, மாடிக்கு என்னைக் கூப்பிட்டு, "சித்தி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, இதைவிட முப்பது வரை கூட வரும்" என்றாள். அதுவும் அவள் மூன்றாவது எண் அல்ல என்று எனக்குத் தெரியும்.

தப்பாகப் போட்டதைவிட, போடாமல் விட்டதுதான் அன்றைக்கு அதிகம் வலிக்கும். சரியான விடைக்கு 4, தப்பானால் 1 குறையும், விட்டால் ஒன்றுமில்லை. நாலு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால்கூடச் சராசரியாகக் கால் மார்க் லாபம்தான். நாலுக்கு ஒன்று சரியானால் 4, மூன்று தப்பானால் மைனஸ் 3. இரண்டு விடைகளைத் தப்பென்று ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தொட்டால் சராசரி லாபம் ஒன்றரை மார்க். இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தாலும் மைனஸ் என்ற பயம் கையைப் பிடித்துக்கொள்கிறது. வாசலில் நின்று, "ரெண்டுல ஒண்ணுன்னு வரைக்கும் வந்துட்டேன் மிஸ், விட்டுட்டேன்" என்று சொல்லும் பிள்ளையிடம் நிகழ்தகவு பேச எனக்கு மனசு வராது.

விடையை ஒப்பிட்டுப் பார்ப்பது மார்க் எண்ணும் வேலை மட்டும் அல்ல என்று நான் விடாமல் சொல்வதற்கு 2018 ஒரு காரணம். அந்த வருஷம் சி.பி.எஸ்.இ.தான் நீட்டை நடத்தியது. தமிழில் எழுதியவர்களின் கேள்வித்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பில் பிழை என்று வழக்குப் போனது. ஒரே கேள்விக்குத் தமிழில் எழுதியவனுக்கு ஒன்றும் ஆங்கிலத்தில் எழுதியவனுக்கு வேறொன்றும் வந்தால், படிக்காததுதான் காரணம் என்று முதலில் எல்லாரும் நினைப்போம். இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இரண்டு பேரும் எழுதியது ஒரே கேள்வியே அல்ல என்று தெரியும். தனியாக வீட்டுக்குப் போய் "எனக்குத்தான் தெரியலை" என்று அழுதிருந்தால் அது வெளியே வந்திருக்காது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஜூலையில் 49 கேள்விக்கும் தலா 4 என்று 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது, நவம்பரில் ரத்தே செய்துவிட்டது. இரண்டு மொழிக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி என்று விதி இருக்கிறது. தமிழில் படித்த பிள்ளை அந்த மூன்று மணி நேரத்தில் ஆங்கிலத்தைப் புரட்டிப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்று அந்த விதி எதிர்பார்க்கிறது. 196 என்பது அதிகம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பூஜ்யமும் நியாயம் அல்ல.

2024-க்கு வருவோம். வாசலில் நடக்கிற சண்டை அப்படியே உச்ச நீதிமன்றம் வரை போன வருஷம் அது.

மே 5 தேர்வு. 23 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். இயற்பியலில் இரண்டு கூற்றுகள். முதலாவது, அணுக்கள் மின் நடுநிலையானவை, ஏனெனில் அவற்றில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சம அளவில் உள்ளன. இரண்டாவது, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, அவை தமக்கே உரிய நிறமாலையை உமிழ்கின்றன. எந்தக் கூற்று சரி?

அன்று மாலையே என் பிள்ளைகளிடையே இரண்டு கட்சி. முதல் கூற்று சரி, இரண்டாவது தப்பு, அதாவது 4-ஆவது விடை என்று ஒரு கட்சி. இரண்டுமே சரி, அதாவது 2-ஆவது விடை என்று இன்னொன்று. முதல் கட்சியின் வாதம் சுருக்கமானது: "யுரேனியம் ஸ்டேபிளா?" கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன, எல்லாத் தனிமங்களும் நிலையானவை என்று எப்படிச் சொல்லலாம்? இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று நினைத்தேன். ஆனால் இரண்டாவது கட்சியில் இருந்த பெண் வீட்டிலிருந்து புத்தகத்தையே கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய அண்ணன் படித்த பழைய என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல். அதில் கிட்டத்தட்ட அதே வரி, 'ஒவ்வொரு தனிமத்தின்' என்றுதான் இருந்தது. புதிய பதிப்பில் 'பெரும்பாலான தனிமங்களின்' என்று திருத்தியிருந்தார்கள். அவள் வைத்திருந்தது பழசு. புதுப் புத்தகம் வாங்க வேண்டிய அவசியம் என்ன? வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே.

வேறு எந்தக் கேள்வியிலும் இப்படி ஒரு வாதத்தை நான் கேட்டதில்லை. நிலையானது என்றால் அணுக்கருவா, எலக்ட்ரான் அமைப்பா என்று ஒரு பையன் கேட்டான். அணு மாதிரிகளைப் பற்றிய பாடத்தில் நிலைத்தன்மை என்று பேசுவது எலக்ட்ரான் கருவுக்குள் போய் விழுந்துவிடாமல் இருப்பதைத்தானே, ரதர்ஃபோர்டு மாதிரியின் கோளாறே அதுதானே, அந்தப் பொருளில் பார்த்தால் யுரேனிய அணுவும் நிலையானதுதானே என்றான். அருமையான கேள்வி. அவன் போட்டது 4. அதாவது தான் போட்ட விடைக்கு எதிராக அவனே வாதாடிக்கொண்டிருந்தான். மார்க்குக்காகப் பேசுகிறவன் அப்படிப் பேசமாட்டான்.

அந்த வருஷம் நீட்டை நடத்திய தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைக்குமே மதிப்பெண் கொடுத்துவிட்டது. ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அதே நாளில் நீட் முடிவும் வந்தது. 67 பேர் 720-க்கு 720. அதில் 44 பேர் இந்த ஒரு கேள்வியால் முழு மதிப்பெண் பெற்றவர்கள். கூடவே 718, 719 என்றெல்லாம் மதிப்பெண் வந்திருந்ததைப் பார்த்து நாடே கணக்குப் போட்டது. ஒரு கேள்வியை விட்டால் 716, ஒன்று தப்பானால் 715. 720-க்கு அடுத்து அதைத் தவிர வேறு எண் வர வழியே இல்லை. நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்ததால் வந்த எண்கள் அவை என்று விளக்கம் வந்தது. பிறகு அது ரத்தாகி, ஜூன் 23-இல் அவர்களுக்கு மட்டும் மறுதேர்வு வைத்தார்கள். 813 பேர் எழுதினார்கள். இதையெல்லாம் முதலில் பிடித்தது நிபுணர்கள் அல்ல, மார்க்கை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் பெற்றோரும்தான்.

அணுக் கேள்வி ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றத்தில் வந்தது. ஐ.ஐ.டி. டெல்லியில் மூன்று நிபுணர்களை வைத்து மறுநாள் மதியத்துக்குள் விடை சொல்லும்படி அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு கேட்டது. 4-ஆவது மட்டுமே சரி என்று அவர்கள் சொன்னார்கள். 2-ஆவதைப் போட்டிருந்தவர்கள் 4.2 லட்சம் பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் வந்த 4 போய், மைனஸ் 1-உம் சேர்ந்து 5 மதிப்பெண் இறங்கியது. திருத்திய பட்டியலில் 720 எடுத்தவர்கள் 17 பேர்.

என் கருத்தைக் கேட்டால், இயற்பியலின்படி ஐ.ஐ.டி. சொன்னதுதான் சரி. ஆனாலும் அது மோசமான கேள்வி. பாடநூலில் உள்ள ஒரு வரியைக் கொஞ்சம் திருகிக் கூற்றாக்கி, சரியா தப்பா என்று கேட்பது இந்தத் தேர்வில் வழக்கமாகிவிட்டது. வரி வரியாகப் புத்தகத்தைப் படி என்று எல்லாக் கோச்சிங்கிலும் சொல்லிக்கொடுத்துவிட்டு, வரியை நம்பியவனை ஒரே ஒரு முறை தண்டித்தால் என்ன அர்த்தம்? புத்தகம் கொண்டுவந்த அந்தப் பெண் 5 மார்க்கையும் இழந்தாள். "நான் படிச்சதுல தப்பு இல்லையே மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த வருஷம் வேறு மாதிரி. 2025 மே 4 அன்று இயற்பியல் பகுதியைப் பார்த்துப் பிள்ளைகள் மிரண்டு போய் வெளியே வந்தார்கள். பேச்சே இல்லை. கீ வந்து கூட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் மாதிரித் தேர்வுகளில் எடுத்ததைவிட எவ்வளவோ குறைவு. முந்தைய வருஷத்துக் கட் ஆஃபை வைத்துக்கொண்டு, "அவ்வளவுதான், போச்சு" என்று முடிவு கட்டினார்கள். 2024-இல் 650-க்கு மேல் எடுத்தவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். 2025-இல் முதலிடம் வந்தவருக்கே 686. 651-உம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் நாடு முழுக்க 73 பேர்தான். அதாவது முந்தின வருஷம் அரசுக் கல்லூரிக்கே தடுமாற வேண்டிய மதிப்பெண்ணுக்கு 2025-இல் விரும்பிய கல்லூரி கிடைக்கும். தேர்வு முடிந்த அந்த ஞாயிறு இரவில் இது யாருக்கும் தெரியாது. யூடியூபில் 'சேஃப் ஸ்கோர்' என்று ஆளுக்கொரு எண் சொன்னார்கள். பாதிப் பேர் பழைய எண்ணையே சொன்னார்கள். அவர்கள் சொன்ன எண்ணை நம்பி அன்றைக்கு எத்தனை வீட்டில் சாப்பாடு இறங்காமல் போயிருக்கும்! விடையைப் பற்றிப் பேசுங்கள், வேண்டிய மட்டும் பேசுங்கள், ஆனால் ராங்க் பட்டியல் வராமல் மார்க்கை வைத்து எதையும் பேசாதீர்கள் என்று இப்போது பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் சிலர்தான்.

இந்த இரவுகளின் ஆபத்து அரசுக்கும் தெரிந்திருக்கிறது. 2021-இல் செப்டம்பரில் நீட் நடந்தபோது, தேர்வுக்குப் பிறகு தமிழ்நாடு அரசின் '104' தொலைபேசி உதவி மையத்திலிருந்து ஆலோசகர்கள் தாங்களாகவே மாணவர்களுக்குப் போன் போட்டுப் பேசினார்கள். முடிவு வரும் நாளில் என்று வைக்காமல், தேர்வு முடிந்ததுமே பேச வேண்டும் என்று யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு வாசல் தெரிந்திருக்கிறது. கீயை வைத்துக் கூட்டி முடித்த நேரத்திலேயே பாதிப் பிள்ளைகளுக்கு முடிவு வந்துவிடுகிறது. அது தப்பான முடிவாகக்கூட இருக்கலாம்.

நான் செய்வது சின்ன வேலை. தேர்வு முடிந்த வாரத்தில் ஒரு நாள் வரச்சொல்வேன். மார்க் எவ்வளவு என்று யாரும் சொல்லக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. ஆளுக்கொரு கேள்வி கொண்டுவரலாம். சரியாகப் போட்டதோ தப்போ, ஏன் அதைப் போட்டாய் என்று சொல்ல வேண்டும். வடை, டீ என் செலவு. சிலர் வருவதில்லை, வராதவர்களைக் கூப்பிட்டுப் பேசுவேன், அதுவும் கேள்வியைப் பற்றித்தான். அப்படி ஒரு நாளில் சரியான விடை போட்ட பையன் எழுந்து, "சும்மா தொட்டேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். தப்பாகப் போட்டவள் போர்டில் பாதிப் பக்கம் எழுதி, எந்த இடத்தில் வழி மாறினாள் என்று அவளே கண்டுபிடித்தாள். பையனுக்கு 4, அவளுக்கு மைனஸ் 1. இந்த அளவுகோலை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை, 20 லட்சம் பேருக்கு வேறு அளவுகோலும் எனக்குத் தெரியவில்லை.

தற்காலிக விடைக் குறிப்பு வந்ததும் அதை எதிர்த்துக் கேட்கலாம். 2024-இல் ஒரு கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து பணம் போட்டு ஒருத்தியின் பெயரில் அனுப்புவார்கள். அதற்காகப் புத்தகங்களைத் தேடி, பக்கத்தைப் போட்டோ எடுத்து, ஏன் இந்த விடை தப்பு என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். ப்ளஸ் டூ முழுக்க அவர்களிடம் நான் வாங்க முடியாத எழுத்து அது. ஆனால் எதிர்ப்பு ஏற்கப்பட்டதா இல்லையா என்று தனித்தனியாகத் தெரிவிக்க மாட்டோம் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. இறுதி விடைக் குறிப்பில் கேள்வி எண்ணுக்கு நேராக 1, 2, 3, 4 என்று ஓர் எண் மட்டும் நிற்கும். ஏன் அந்த எண் என்று ஒரு வரிகூட இருக்காது. அணுக் கேள்விக்குக் காரணம் கிடைத்தது, அதற்கு உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. 180 கேள்விகளுக்கும் கூட வேண்டாம், எதிர்ப்பு வந்த கேள்விகளுக்கு மட்டுமாவது இரண்டு வரி எழுதிப் போட்டால் என்ன? கேள்வியை எழுதிய "அவன்" எப்படியும் அதை யோசித்துத்தானே வைத்திருப்பான்.